குவாண்டம் கணினியும் உகப்பாக்கமும்: வேலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடு, காட்பாடி ஸ்டேஷன் பிளாட்பாரம், சத்துவாச்சாரி டீக்கடை என்று எங்கே போனாலும் "என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். டீ ஆறுவதற்குள் பதில் சொல்ல வராமல் பலமுறை திணறியிருக்கிறேன். அதனால் கேட்ட கேள்விகளையெல்லாம் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். கேட்டவர்களில் மாணவர்கள் உண்டு, ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பாய் உண்டு, நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள் உண்டு, அப்புறம் என் அம்மா.

ஒரே மூச்சில் சொன்னால் உங்கள் வேலை என்ன?

பல வழிகளுக்குள் நல்ல வழியைத் தேடும் கணக்குகளைக் குவாண்டம் கணினி ஏற்றுக்கொள்ளும் வடிவத்தில் எழுதுகிறேன். எழுதியதை ஓட்டிப் பார்க்கிறேன். பிறகு அதே கணக்கைச் சாதாரண கணினியிலும் ஓட்டி, எது தேவலை என்று ஒப்பிடுகிறேன். என் கையில் வந்த கணக்குகளில் இதுவரை சாதாரண கணினிதான் ஜெயித்திருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது, "அப்புறம் எதுக்குடா உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கீழே எங்காவது அதற்குப் பதில் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

உகப்பாக்கம் என்றால்?

ஆப்டிமைசேஷனுக்குப் பாடநூல் வைத்த பெயர் அது. கல்யாணப் பந்தியை வைத்துச் சொல்கிறேன்.

இரண்டே பந்தி. ஐந்து சொந்தக்காரர்கள். பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் இல்லை. சித்தப்பாவுக்கும் அத்தை வீட்டுக்காரருக்கும், அவருக்கும் சின்னத் தாத்தாவுக்கும், சின்னத் தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் அப்படியே. பேசாத இருவரை ஒரே பந்தியில் உட்காரவைக்கக் கூடாது. ஒரு தாளில் எழுதி முயன்று பாருங்கள். ஐந்து சண்டையில் நான்கைத்தான் பிரிக்க முடியும். ஒரு ஜோடி எப்படியும் ஒரே பந்தியில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சாப்பிடும். சண்டை வளையத்தில் ஆட்கள் ஒற்றைப்படையாக இருந்தால் இதுதான் கதி.

எங்கள் துறையில் இதற்கு மேக்ஸ்-கட் என்று பெயர். ரிச்சர்ட் கார்ப் 1972-ல் கடினமான கணக்குகள் என்று 21-ஐப் பட்டியல் போட்டார், அதில் இதுவும் ஒன்று. ஐந்து பேரை இரண்டு பந்தியில் பிரிக்க 32 வழி. 50 பேர் என்றால் ஒன்றுக்குப் பின்னால் 15 சைபர் போட்ட எண்ணையும் தாண்டும். விநாடிக்கு 100 கோடி வழிகளைப் பார்க்கும் கணினிக்கு அது 13 நாள் வேலை. 60 பேருக்கு 36 வருடம். 100 பேருக்கு, பிரபஞ்சத்தின் வயதைப்போல் ஏறக்குறைய 2,900 மடங்கு காலம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் 100 பேர் என்பது சமையல்காரர் வீட்டு ஆட்களையும் சேர்க்காத கணக்கு.

அப்படியென்றால் சாதாரண கணினியால் முடியாது, குவாண்டம்தான் வேண்டும் என்று ஆகிறதே?

இல்லை. மேடையில் இந்த இடத்தில்தான் பலர் கைதட்டு வாங்கிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். வழிகள் நிறைய என்பதாலேயே ஒரு கணக்கு கடினமாகிவிடாது. யாரும் எல்லா வழியையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதும் இல்லை.

ஒரு வேன், புறப்படும் இடத்தையும் சேர்த்து 20 இடங்களைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும், தூரம் குறைவாக இருக்க வேண்டும் என்று வையுங்கள். மொத்தச் சுற்றுகள் 6-க்குப் பின்னால் 16 சைபர் அளவுக்கு வரும். ஆனால் 85,900 புள்ளிகள் கொண்ட இதே கணக்கை 2006-லேயே சாதாரணக் கணினிகளில் தீர்த்துவிட்டார்கள். 'கிட்டத்தட்ட நல்ல விடை' என்றுகூட இல்லை, இதைவிடக் குறைவான சுற்று கிடையாது என்ற நிரூபணத்தோடு. தேறாத வழிகளைக் கூட்டம் கூட்டமாக வெட்டி எறியும் உத்திகளில் ஐம்பது வருட உழைப்பு சேர்ந்திருக்கிறது. இந்தக் கணக்குக்கு நம் நாட்டிலும் பழைய கதை உண்டு. வங்காளத்தில் சணல் பயிர்க் கணக்கெடுப்புக்கு ஆட்களை ஊர் ஊராக அனுப்பியபோது, அந்தப் பயணத்துக்கு ஆகும் செலவைப் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1940-லேயே ஆராய்ந்திருக்கிறார்.

இன்னொரு ரகமும் உண்டு. பத்து ஆட்கள், பத்து வேலைகள், யாருக்கு எதைக் கொடுத்தால் மொத்தச் செலவு குறையும்? வழிகள் 36 லட்சத்துக்கு மேல். ஆனாலும் இது சுலபக் கணக்கு. ஹரால்ட் கூன் 1955-ல் வெளியிட்ட 'ஹங்கேரிய முறை'யில் ஒரு பொறுமையான மாணவர் காகிதத்திலேயே போட்டுவிடலாம். என்னிடம் "குவாண்டம் வேண்டும்" என்று வந்த கணக்குகளில் பல இந்த ரகம்தான். அவற்றுக்கு நான் எழுதித் தந்தது பைத்தானில் பத்து வரி. வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும் என்கிறார்களே?

அப்படித்தான் எழுதுகிறார்கள். அதைப் படித்துவிட்டு வரும் மாணவரை மறக்க வைக்கவே ஒரு மாதம் ஆகிறது.

கியூபிட் என்பது 0, 1 இரண்டும் கலந்த நிலையில் இருக்கக்கூடியது, உண்மை. 50 கியூபிட்டை 50 பேரின் பந்திக்கு ஒதுக்கினால் எல்லாப் பிரிவினைகளும் கலந்த ஒரு நிலையை உண்டாக்கலாம், அதுவும் உண்மை. ஆனால் அளந்து பார்த்தால் கைக்கு வருவது ஒரே ஒரு பிரிவினை. அதுவும் குலுக்கலில் வந்ததுபோல. அவ்வளவுதான் என்றால் சீட்டு எழுதிக் குலுக்கினால் போதும், கோடிக்கணக்கில் செலவழித்து மெஷின் எதற்கு?

விஷயம் அலையில் இருக்கிறது. குளத்தில் இரண்டு கல் போட்டால் அலைகள் சில இடத்தில் ஒன்றையொன்று உயர்த்தும், சில இடத்தில் ஒன்றையொன்று அமுக்கிவிடும். ஒவ்வொரு விடைக்கும் இப்படி ஓர் அலை உண்டு. கெட்ட விடைகளின் அலைகள் அமுங்கி, நல்ல விடையின் அலை உயரும்படி செயல்களை வரிசைப்படுத்துவதுதான் குவாண்டம் நிரல். எந்தக் கணக்குக்கு இப்படி வரிசைப்படுத்த முடியும் என்பது ஒவ்வொரு கணக்குக்கும் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியது. பீட்டர் ஷோர் 1994-ல் பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரிப்பதற்கு ஒரு வரிசை கண்டார், அது பிரமாதம். லவ் குரோவர் 1996-ல் பொதுவான தேடலுக்கு ஒன்று கண்டார். அதில் லாபம் வர்க்கமூலம் அளவுக்குத்தான். 50 பேர் பந்திக்கு 3 கோடி சொச்சம் அடிகள் போதும் என்று ஆகும். காகிதத்தில் அழகு. ஆனால் குவாண்டம் மெஷினில் பிழை திருத்தத்தோடு ஓர் அடி எடுத்துவைக்க ஆகும் நேரம் சாதாரண சில்லைவிட மிக அதிகம், லாபத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

அப்புறம் உகப்பாக்கத்துக்கு எந்த முறை?

இரண்டு பெயர்கள் போதும்: அனீலிங், கியூஏஓஏ (QAOA, 'குவாண்டம் தோராய உகப்பாக்க முறை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்).

கண்ணைக் கட்டி உங்களை ஜவ்வாது மலையில் விட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். மிகத் தாழ்வான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இறக்கம் எந்தப் பக்கம் என்று காலால் தடவித் தடவி இறங்கினால் முதல் பள்ளத்திலேயே நின்றுவிடுவீர்கள். அதைவிடத் தாழ்வானது அடுத்த மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும், உங்களுக்குத் தெரியாது. 1983-ல் கிர்க்பாட்ரிக், கெலட், வெக்கி மூவரும் சொன்ன வழி: முதலில் கண்டபடி துள்ளுங்கள், மேட்டிலும் ஏறுங்கள், போகப்போகத் துள்ளலைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கொல்லர் இரும்பைக் காய்ச்சி மெதுவாக ஆறவிடுவதைப் பார்த்து வந்த யோசனை என்பதால் பெயர் அனீலிங். தமிழில் இதைப் 'பதப்படுத்தல்' என்று சிலர் எழுதுகிறார்கள். ராணிப்பேட்டைப் பக்கம் போய் அந்தச் சொல்லைச் சொன்னால் தோலைத்தான் நினைப்பார்கள், அதனால் நான் அனீலிங் என்றே வைத்துக்கொள்கிறேன்.

1998-ல் கடோவாகி, நிஷிமோரி என்ற இரு ஜப்பானியர்கள் இந்தத் துள்ளலுக்குப் பதில் குவாண்டம் ஊடுருவலை வைத்தார்கள். மேட்டில் ஏறி இறங்காமல் அதற்குள்ளேயே புகுந்து அந்தப் பக்கம் போவது. மேடு உயரமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் இது கைகொடுக்கும். அகலமான மேடு என்றால் பெரிய பயன் இல்லை. கனடாவின் டி-வேவ் நிறுவனம் இந்த வழியில் மெஷின் செய்து 2011-ல் 128 கியூபிட்டோடு விற்பனைக்கு வைத்தது. 2020-ல் 5,000-ஐத் தாண்டினார்கள்.

கியூஏஓஏ-வை ஃபார்ஹி, கோல்ட்ஸ்டோன், குட்மேன் 2014-ல் முன்வைத்தார்கள். 'கணக்கின்படி அலைகளைத் திருப்பு, பிறகு கலக்கு' என்ற இரண்டு செயல்களை மாற்றி மாற்றிச் செய்வது. எவ்வளவு திருப்புவது, எவ்வளவு கலக்குவது என்பதைத் தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதுபோல் வெளியிலிருந்து ஒரு சாதாரணக் கணினி சரிசெய்துகொண்டே இருக்கும். ஒருமுறை திருப்பிக் கலக்குவது ஓர் அடுக்கு. அடுக்குகள் கூடக்கூட விடை மேம்பட வேண்டும், ஆனால் மெஷினின் பிழையும் அதோடு சேர்ந்து கூடும். என் ஆராய்ச்சியில் பாதி நேரம் இந்த இழுபறியில் போகிறது.

ஒரு விதியை எப்படி மெஷினுக்குச் சொல்வது?

அபராதமாக.

வார்டில் மூன்று நர்ஸ்கள், இன்று இரவு டூட்டிக்குச் சரியாக ஒருவர் வேண்டும். க, ச, த என்று மூன்று மாறிகள். ஒருவர் வந்தால் அவருடைய மாறி 1, வராவிட்டால் 0. இப்போது (1 − க − ச − த)² என்று எழுதுங்கள். ஒருவர் மட்டும் வந்தால் விடை 0. யாருமே வராவிட்டால் 1, இருவர் வந்தால் 1, மூவரும் வந்தால் 4. விதியை மீறினால் அபராதம் விழுகிறது, கவனித்தீர்களா? விரித்தால் 1 − க − ச − த + 2கச + 2கத + 2சத (0, 1 இரண்டும் வர்க்கத்தில் மாறாது, அதனால் க²-க்குப் பதில் க என்றே எழுதலாம்). மாறி தனித்தனியாக வரும், அல்லது இரண்டிரண்டாகப் பெருகி வரும், அதற்கு மேல் கிடையாது. தனியாக வருவது ஒரு கியூபிட்டுக்குக் கொடுக்கும் சாய்வு, இரண்டாக வருவது இரு கியூபிட்டுகளுக்கு இடையிலான பிணைப்பு. இது எர்ன்ஸ்ட் ஐசிங் 1925-ல் காந்தங்களுக்காக எழுதிய மாதிரியின் அதே வடிவம். நர்ஸ் டூட்டியும் காந்தமும் ஒரே சமன்பாட்டில் உட்காரும் என்பது எனக்கு இன்னும் அலுக்காத விஷயம்.

கஷ்டம் அடுத்து வருகிறது. விதிகள் பல. எல்லாவற்றையும் கூட்டும்போது எந்த விதிக்கு எவ்வளவு அபராதம்? குறைவாகப் போட்டால் மெஷின் விதியை மீறி 'மலிவான' விடையைத் தரும். அதிகமாகப் போட்டால் விதி நிற்கும், ஆனால் நல்ல விடைக்கும் சுமாரான விடைக்கும் உள்ள வித்தியாசம் அபராதத்தின் பக்கத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும். குவாண்டம் மெஷின்களின் துல்லியம் அளவானது, ஆயிரம் ரூபாய் நோட்டுக்குப் பக்கத்தில் பத்துப் பைசாவை அதனால் பார்க்க முடியாது. சரியான எடையைக் கண்டுபிடிப்பதற்குப் பொதுச் சூத்திரம் கிடையாது.

இடப் பிரச்சினையும் இருக்கிறது. மேலே சொன்ன 20 இடச் சுற்றை இப்படி எழுத, புறப்படும் இடத்தை நிலையாக வைத்துக்கொண்டாலும் 19 × 19 = 361 மாறிகள் வேண்டும். 5,000 கியூபிட் உள்ள மெஷினில் இது தாராளமாகப் பொருந்தும் என்று தோன்றும். ஆனால் அதில் ஒரு கியூபிட் 15 கியூபிட்டுகளோடுதான் நேரடியாகப் பேசும். எட்டியுள்ளவற்றோடு பேச வேண்டுமானால் பல கியூபிட்டுகளைச் சங்கிலியாகக் கட்டி ஒரே மாறியாக நடத்த வேண்டும். ஒவ்வொரு மாறியும் மற்ற எல்லாவற்றோடும் பிணைந்த கணக்கு என்றால் 200 மாறிகூடத் தேறாது.

நர்ஸ் டூட்டி சார்ட்டை நிஜமாகவே போட்டுப் பார்த்தீர்களா?

பார்த்தேன், மூக்கும் உடைந்தது. சித்தி மகள் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், "இன்னா அண்ணா, அவ்ளோ பெரிய மெஷின்லாம் வெச்சினு இருக்கீங்க, எங்க வார்டுக்கு ஒரு டூட்டி சார்ட் போட்டுத் தர மாட்டீங்களா?" என்றாள். விதிகளை அவளே சொன்னாள். தினமும் காலைக்கு 4 பேர், மதியத்துக்கு 4 பேர், இரவுக்கு 2 பேர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு டூட்டிதான். இரவு டூட்டி முடித்தவரை அடுத்த காலையே வரச்சொல்லக் கூடாது. வாரம் ஒரு ஆஃப் கட்டாயம்.

குவாண்டத்துக்குப் போவதற்கு முன்னால் வழக்கம்போல மடிக்கணினியில் ஓர் இலவச நிரலில் போட்டேன். 11 பேர், 7 நாள், 3 வேளை, மொத்தம் 231 மாறிகள். கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: விடை இல்லை. நிரலில்தான் பிழை என்று நினைத்து மாலை முழுக்கத் தேடினேன். அவள் இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டே விரல் விட்டு எண்ணினாள். ஒரு நாளைக்கு 10 டூட்டி, வாரத்துக்கு 70. மொத்தம் 12 பேர், ஆளுக்கு 6 நாள் என்றால் 72, சரி. ஆனால் ஒருவர் பிரசவ விடுப்பில் இருக்கிறார். 11 பேருக்கு 66தான். நாலு டூட்டிக்கு ஆளே கிடையாது, மெஷின் எங்கிருந்து கொண்டுவரும்?

"அப்ப உங்க வார்டு எப்படி நடக்குது?" என்று கேட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் பார்த்துக்கொள்வாராம். ஞாயிற்றுக்கிழமை ஓபி கிடையாது, அதனால் அன்று காலையும் மதியமும் 4-க்குப் பதில் 3 பேர் போதும். சனிக்கிழமை மதியமும் அப்படியே. மிச்சமுள்ள ஒரு டூட்டியை அவரே ஏற்றுக்கொள்வார். இரவு முடித்தவரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் காலையில் கூப்பிட மாட்டார்.

எழுதிக் கொடுத்த விதிகளில் இது எதுவும் இல்லை. ஞாயிறு மதியம் ஓர் ஆள் குறைவதற்கு அபராதம் 1, இரவு டூட்டிக்குப் பின் காலை டூட்டிக்கு 1,000 என்று அந்த அம்மா மனதுக்குள் ஒரு எடைப் பட்டியல் வைத்திருக்கிறார். அதைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு மடிக்கணினியிலேயே சார்ட் வந்துவிட்டது. எந்தக் கணினியாக இருந்தாலும் அந்த எடைகளை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். அன்றிலிருந்து ஒரு கணக்கு வந்தால் நான் முதலில் தேடுவது அதற்கு ஓர் இன்சார்ஜ் சிஸ்டர் யார் என்பதைத்தான்.

எங்கள் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும்போது வீணாவதைக் குறைக்க இது உதவுமா?

ஆம்பூர் பாய் கேட்ட கேள்வி. பழைய வடஆற்காடு முழுக்க, ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் இதைக் கேட்க ஆள் உண்டு, ஏனென்றால் செலவில் தோலின் பங்கு பெரியது.

துணி வெட்டுவது வேறு, தோல் வெட்டுவது வேறு. துணி சுருளாக ஒரே அகலத்தில் வரும். தோல் ஒவ்வொன்றும் ஒரு வடிவம். முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். முள் கீறல், உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு எல்லாம் ஆங்காங்கே இருக்கும். ஷூவின் முன்பாகத்துக்கு நல்ல இடம் வேண்டும், உள்ளே மறையும் துண்டுகளுக்கு வயிற்றுப் பக்கம் போதும். நீளும் திசை மாறினால் காலில் போட்ட பிறகு ஷூ கோணிக்கொள்ளும். அனுபவமுள்ள வெட்டுக்காரர் தோலை ஒருமுறை கையால் தடவிப் பார்த்துவிட்டு அச்சை வைப்பதைப் பாருங்கள். மனதில் எவ்வளவு பெரிய கணக்கு ஓடுகிறது!

இதைக் கியூபிட்டில் எழுதினால்? 20 சதுர அடித் தோலைச் சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 18,500-க்கு மேல். 30 துண்டுகள், ஒவ்வொன்றையும் 8 திசையில் திருப்பலாம் என்றால் மாறிகள் 44 லட்சத்தைத் தாண்டும். இன்றைய எந்த மெஷினிலும் கிட்டக்கூட வராது. ஆனால் வெட்டு இயந்திரங்களோடு வரும் சாதாரண மென்பொருள்கள் இதற்குச் சுமாரான, பயன்படும் விடைகளைத் தருகின்றன. பாயிடம், "இதுக்காகக் காத்திருக்காதீங்க" என்றுதான் சொன்னேன். எந்தத் தோல் கட்டை எந்த ஆர்டருக்கு அனுப்புவது என்று பக்கத்தில் இன்னொரு கணக்கு வைத்திருந்தார். அது ஹங்கேரிய முறைக்கு அடங்கும் ரகம். அதைச் செய்து கொடுத்தேன். பதிலுக்கு அவர் வாங்கிக் கொடுத்த பிரியாணி பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இதுவரை எங்காவது குவாண்டம் ஜெயித்திருக்கிறதா, இல்லையா?

உகப்பாக்கத்தில், எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி ஒரு நடைமுறைக் கணக்கில், இல்லை என்பதே என் தீர்ப்பு. ஜெயித்ததாகச் சொல்லி, பிறகு பின்வாங்கிய கதைகள் நிறைய.

2014-ல் கியூஏஓஏ வந்த கையோடு, ஒரு குறிப்பிட்ட சமன்பாட்டுக் கணக்கில் அன்றைக்குத் தெரிந்த சாதாரண முறைகளைவிட நல்ல உத்தரவாதம் தருவதாக அதே ஆசிரியர்கள் காட்டினார்கள். அடுத்த வருடமே ஒரு குழு அதைவிட நல்ல சாதாரண முறையைக் கண்டுபிடித்துவிட்டது. 2015-ல் கூகுள், டி-வேவ் மெஷின் ஒரு கணக்கில் 10 கோடி மடங்கு வேகம் என்று அறிவித்தது. தலைப்புச் செய்தி ஆயிற்று. எதோடு ஒப்பிட்டு 10 கோடி? கணினியின் ஒரே ஓர் உள்ளகத்தில் (கோர்) ஓடும் சாதாரண அனீலிங்கோடு. அந்த மெஷினின் அமைப்புக்கு ஏற்ற வேறு சாதாரண முறைகளை வைத்தால் அந்த இடைவெளி நிற்காது என்பது கட்டுரையிலேயே இருந்தது, தலைப்பில் வரவில்லை. 2018-ல், யாருக்கு எது பிடிக்கும் என்று ஊகிக்கும் பரிந்துரைக் கணக்கில் குவாண்டத்துக்கு இருந்த பெரிய அனுகூலத்தை ஈவின் டாங் என்ற 18 வயது மாணவி சாதாரண முறையாலேயே கிட்டத்தட்ட எட்டிக் காட்டினார். குவாண்டம் முறையை ஆழமாகப் படித்ததால்தான் அவருக்கு அந்தச் சாதாரண முறை கிடைத்தது.

பந்திக் கணக்குக்கு வருவோம். மேக்ஸ்-கட்டுக்கு கோமன்ஸ், வில்லியம்சன் இருவரும் 1995-ல் வெளியிட்ட சாதாரண முறை, எப்படிப்பட்ட சண்டை வலையாக இருந்தாலும் சிறந்த விடையில் 0.878 பங்காவது சராசரியாகத் தரும் என்று நிரூபணம் உண்டு. ஒவ்வொருவருக்கும் மூன்று சண்டை மட்டுமே உள்ள எளிய வலைகளில் கியூஏஓஏ-வின் ஒரே அடுக்கு 0.6924 பங்குக்கு உத்தரவாதம் தருகிறது. அடுக்கைக் கூட்டினால் உயரும், எவ்வளவு உயரும் என்பதற்குத்தான் ஆராய்ச்சி.

நானும் இதில் விழுந்தவன். முதல் வருடத்தில் என் குவாண்டம் விடை சாதாரண விடையைவிட நன்றாக வந்தது. மூன்று மாத உழைப்பு, எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு எம்.எஸ்சி. மாணவி, "சார், நீங்க சாதாரண முறையை அதோட டீஃபால்ட் அமைப்பிலேயே ஓட்டியிருக்கீங்க" என்றார். ஒரு பிற்பகல் உட்கார்ந்து அதையும் ஒழுங்காகச் சரிசெய்து ஓட்டினார். என் விடை தோற்றது. குவாண்டத்துக்கு மூன்று மாதம் சுருதி சேர்த்தவன், எதிராளிக்கு மூன்று நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. அம்மாவின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது: எங்கே ஜெயிக்கிறது, எங்கே ஜெயிக்கவில்லை என்று ஏமாற்றாமல் அளந்து சொல்லவும் ஆள் வேண்டும்.

உகப்பாக்கத்துக்கு வெளியே நிலவரம் இதைவிட நன்றாக இருக்கிறது. மூலக்கூறு, புதுப் பொருள்கள் பற்றிய கணக்குகளில் எனக்கு நம்பிக்கை அதிகம். இயற்பியலாளர் ஃபைன்மேன் 1981-ல் குவாண்டம் கணினி என்ற யோசனையைச் சொன்னதே அதற்காகத்தான்.

மெஷின் வேலூரிலேயே இருக்கிறதா?

ஆறு உண்டு தண்ணீர் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு. (கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார், பேச்சுதான் இன்னும் மாறவில்லை.) ஆராய்ச்சி உண்டு மெஷின் இல்லை என்று என்னையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். இணையம் வழியாகத் தொலைவிலுள்ள மெஷினுக்குக் கணக்கை அனுப்பிவிட்டு, வரிசையில் காத்திருப்பேன். ஐபிஎம் 2016-ல் 5 கியூபிட் மெஷின் ஒன்றை இப்படிப் பொதுவில் திறந்துவிட்ட பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு வழி பிறந்தது.

மீக்கடத்தியால் (மின்தடையே இல்லாத பொருள்) செய்த கியூபிட்டுகளைத் தனிமுழுச் சுழியத்துக்கு (அதற்குக் கீழே குளிரவே முடியாத வெப்பநிலை) மேல் ஒரு டிகிரியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு அளவில் வைக்க வேண்டும். விண்வெளியின் வெற்றிடத்தைவிடக் குளிர். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி தாண்டிய வேலூரில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அதற்குக் கணக்கு அனுப்பும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

என் ஏடிஎம் பின் நம்பரை உடைத்துவிடுமா?

பின் நம்பரை விடுங்கள், நான்கு இலக்கம்தான். பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பதை நம்பி இணைய வங்கியைக் காக்கும் ஆர்எஸ்ஏ போன்ற பூட்டுகளைத்தான் ஷோரின் முறை குறிவைக்கிறது. அதற்குப் பிழை திருத்தும் வசதியுள்ள மிகப் பெரிய மெஷின் வேண்டும். 2 கோடி கியூபிட் வேண்டும் என்று 2019-ல் கணக்கிட்ட ஒருவரே, பத்து லட்சத்துக்கும் குறைவாகப் போதும் என்று 2025-ல் குறைத்துவிட்டார். மெஷின் இன்னும் வரவில்லை, ஆனால் பூட்டை மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் புதுப் பூட்டுகளுக்கான முதல் மூன்று தரநிலைகளை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. ரூ.6,003.65 கோடி, 2031 வரை. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட் வரை உள்ள மெஷின்களைச் செய்வது இலக்குகளில் ஒன்று. நான்கு மையங்கள்: கணினிக்கு பெங்களூரு ஐஐஎஸ்சி, தகவல்தொடர்புக்கு சென்னை ஐஐடி, உணரிகளுக்கு மும்பை ஐஐடி, பொருள்களுக்கு டெல்லி ஐஐடி. வேலூரிலிருந்து இரண்டு மையங்களுக்கு ரயிலில் காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். காட்பாடி ஜங்ஷன் எங்களுக்குச் செய்யும் உபகாரம்.

என் பிள்ளை இதில் வர என்ன படிக்க வேண்டும்?

அணிகள், திசையன்கள், நிகழ்தகவு, பைத்தான். பிளஸ் டூ கணக்கை நிஜமாகவே புரிந்து படித்தவருக்குத் தொடங்க அது போதும். 'மூன்று நாளில் குவாண்டம் நிபுணர்' என்று சான்றிதழ் விற்கும் வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். கணினி அறிவியலா இயற்பியலா என்று கேட்டால், எது பிடிக்கிறதோ அது. உகப்பாக்கத்துக்கு வருபவர் சாதாரண முறைகளையும் கட்டாயம் கற்க வேண்டும். என் எம்.எஸ்சி. மாணவிக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

எங்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. கொண்டு வரலாமா?

தாராளமாக. கம்பெனி விளக்கப் படங்கள் வேண்டாம். போன மாதம் நீங்கள் கையால் போட்ட அட்டவணையைக் கொண்டு வாருங்கள், அடித்துத் திருத்திய காகிதமாக இருந்தால் இன்னும் நல்லது. எந்த இடத்தில் விதியை மீறினீர்கள், மீறியதற்கு யார் திட்டினார்கள், யார் கண்டுகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முடிந்தால் அந்த அட்டவணையைப் போடுபவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதலாளி வராவிட்டாலும் பரவாயில்லை.